காலையில் நடந்த ஆட்டம்

2009ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இலண்டனில் நாங்கள் வேலை செய்த உணவகத்தின் கிச்சினில் அன்று சமைத்ததைவிடச் சண்டை பிடித்ததே அதிகம். பிற்பகல் லோர்ட்ஸ் மைதானத்தில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டம். பாக்கிஸ்தானும் இலங்கையும் மோத இருந்தன. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு மாதமும் சில நாட்களும்தான் ஆகியிருந்தன. ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று எங்களில் பலருக்கு அப்போது தெரியாது. ஏப்ரல் 6இல் பாராளுமன்றச் சதுக்கத்தில் தொடங்கிய போராட்டம் நான்கு நாட்களுக்கு முன்புதான், யூன் 17இல், முடிவுக்கு வந்திருந்தது.

தந்தூரி அடுப்படியில் நின்றவர் பாக்கிஸ்தான் வெல்ல வேண்டும் என்றார். கோப்பை கழுவியவர், "முரளி விளையாடுறான், அவன் தமிழன்தானே" என்றார். மூன்றாமவர் ஒரு சமரசத் தீர்வு சொன்னார்: "இலங்கை தோக்க வேணும். ஆனால் முரளிக்கு மூண்டு விக்கெற் விழ வேணும்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நாட்கள் அவை. பாக்கிஸ்தான் 8 விக்கெற்றுகளால் வென்றது. எவரும் கை தட்டவில்லை. வென்றது யாராக இருந்தாலும் எமக்கு எதுவும் திரும்பி வரப்போவதில்லை என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் உறைத்தது.

இரவு கடை பூட்டும் நேரம், வாரக் கடைசியில் மேசை பார்க்க வருகிற பிள்ளை கிச்சினுக்குள் எட்டிப் பார்த்தாள். இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளை. "அண்ணை, காலமை நடந்த மச்சிலை ஆர் வெண்டது?" என்று கேட்டாள். எங்களுக்கு விளங்கவில்லை. "என்ன மச்?" என்றோம். "பொம்பிளையளின்ரை வேர்ள்ட் கப் ஃபைனல். அதே கிறவுண்டிலைதான்" என்றாள்.

எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெண்களுக்கான முதலாவது இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டம், நாங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எமது கடையிலிருந்து சில மைல் தொலைவில் நடந்து முடிந்திருந்தது. பிற்பகல் ஆட்டத்தின் ஒவ்வொரு ஓவரையும் அறிந்திருந்த எமக்கு அன்று காலை நடந்தது தெரியவில்லை. பிற்பகலைப் பற்றி எமது ஆட்கள் போதுமான அளவு பேசியும் எழுதியும் விட்டார்கள். இக்கட்டுரை அந்தக் காலையைப் பற்றியது.

*

கிரிக்கெற் ஆண்களின் விளையாட்டு, பெண்கள் அண்மைக் காலத்தில் அதை இரவல் வாங்கினார்கள் என்பது பொதுவான எண்ணம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் வரலாற்றின் திகதிகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

1745ஆம் ஆண்டு யூலை 26இல் சறே மாவட்டத்தில், கில்ட்பேர்ட் நகருக்கு அருகே கொஸ்டன் கொமன் என்ற பொதுவெளியில், பிறம்லி, ஹம்பிள்டன் என்ற இரு ஊர்களின் பெண்கள் அணிக்குப் பதினொருவராக நின்று ஆடினார்கள். எல்லோரும் வெள்ளை உடை. ஓர் ஊருக்கு நீல நாடா, மற்ற ஊருக்குச் சிவப்பு நாடா. ஹம்பிள்டன் 127 ஓட்டங்களும் பிறம்லி 119 ஓட்டங்களும் எடுத்ததாக அக்காலப் பத்திரிகைச் செய்தி சொல்கிறது. பெண்களின் கிரிக்கெற் பற்றி எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இதுதான். மெரில்போன் கிரிக்கெற் கழகம் 1787இல்தான் தோன்றியது. லோர்ட்ஸ் மைதானம் இன்றைய இடத்துக்கு வந்தது 1814இல். ஆண்டவர்களின் கழகத்துக்கும் அவர்களின் கோயிலுக்கும் முன்பே ஊர்ப் பெண்கள் மட்டையைத் தூக்கியிருக்கிறார்கள்.

1926இல் இங்கிலாந்தில் பெண்கள் கிரிக்கெற் சங்கம் அமைக்கப்பட்டது. 1934 டிசெம்பரில் அச்சங்கத்தின் அணி கப்பலேறிப் போய் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் பெண்களின் முதல் ரெஸ்ற் ஆட்டத்தை ஆடி வென்றது. அதன் பின் சுமார் நாற்பது ஆண்டுகள் ஓசையில்லாத உழைப்பு. பிறகு 1973இல், எம்மில் பலர் நம்ப மறுக்கும் அந்தச் செய்தி வருகிறது: உலகின் முதலாவது கிரிக்கெற் உலகக் கிண்ணம் பெண்களுடையது. ஆண்களின் உலகக் கிண்ணம் 1975இல்தான் வந்தது.

அதை முன்னின்று நடத்தியவர் இங்கிலாந்து அணித் தலைவி றேச்சல் ஹேஹோ பிளின்ற். பணம் கொடுத்தவர் ஜக் ஹேவேர்ட் என்ற செல்வந்தர், 40,000 பவுண். ஏழு அணிகள் ஆடின. கடைசி ஆட்டம் யூலை 28இல் பேர்மிங்ஹாம் நகரின் எட்ஜ்பாஸ்ரன் மைதானத்தில். ஈனிட் பேக்வெல் 118 ஓட்டங்கள் அடிக்க, இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை 92 ஓட்டங்களால் வென்றது.

லோர்ட்ஸ் மைதானம் பெண்களுக்குத் திறந்தது மேலும் மூன்றாண்டுகள் கழித்து. 1976 ஓகஸ்ற் 4இல், இங்கிலாந்து - அவுஸ்திரேலியா ஒருநாள் ஆட்டம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மைதானத்தில் பெண்கள் ஆடலாம் என்று ஆன பிறகும், ஆட்டம் நடக்கும்போது அங்குள்ள பவிலியனுக்குள் பெண்கள் நுழையக் கூடாது என்ற கழகத்தின் வழமை மாறவில்லை. விலக்கு இருவகையினருக்கு மட்டும். ஒருவர் மகாராணி. மற்றவர்கள் அங்கே வேலை செய்த பணிப்பெண்கள். இந்த இரண்டாவது விலக்கின் நியாயம் எங்களைப் போன்றவர்களுக்கு உடனே விளங்கும். கையில் தட்டு இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரையில் இருக்கப் பார்த்தால்தான் விதிகள் ஞாபகத்துக்கு வரும். 1998 செப்ரெம்பரில் வாக்கெடுத்து, பெண்களையும் அங்கத்தவராகச் சேர்க்க அக்கழகம் தீர்மானித்தது. கழகத்துக்கு அப்போது வயது 211. அடுத்த ஆண்டு முதன்முதலாகக் கௌரவ அங்கத்துவம் பெற்ற பத்துப் பெண்களில் ஹேஹோ பிளின்றும் ஒருவர்.

*

இருபது ஓவர் ஆட்டத்தின் கதை வேறு. அது மைதானத்தில் பிறக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் பிறந்தது. இங்கிலாந்தில் மாவட்ட அணிகளின் ஆட்டங்களுக்குச் சனம் வருவது குறைந்துகொண்டே போனது. வேலை முடிந்து வருகிறவன் மாலையில் மூன்று மணித்தியாலம் இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய ஓர் ஆட்டம் வேண்டும் என்று இங்கிலாந்துக் கிரிக்கெற் சபையின் சந்தைப் பிரிவு யோசித்ததன் விளைவு அது. 2003 யூனில் மாவட்ட அணிகளுக்கிடையில் தொடங்கினார்கள்.

ஆனால் நாடுகளுக்கிடையிலான முதலாவது இருபது ஓவர் ஆட்டத்தை ஆடியவர்கள் யார்? 2004 ஓகஸ்ற் 5இல், தென்கரையோர நகரமான ஹோவில், இங்கிலாந்துப் பெண்களும் நியூசிலாந்துப் பெண்களும். நியூசிலாந்து 9 ஓட்டங்களால் வென்றது. ஆண்கள் தமது முதல் ஆட்டத்தை 2005 பெப்ரவரி 17இல் ஓக்லண்டில் ஆடினார்கள். ஆறு மாதங்கள் பிந்தி.

ஆக, உலகக் கிண்ணத்திலும் பெண்கள்தான் முந்தினார்கள், குறுகிய வடிவத்திலும் பெண்கள்தான் முந்தினார்கள். இருந்தும் எமது நினைவில் ஆண்களே முதலாவதாக நிற்கிறார்கள். முதலில் செய்தவரை வரலாறு வைத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை; எழுதி, திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருப்பவருக்குத்தான் அது சொந்தமாகிறது. நூலகத்தை எரிகொடுத்த ஒரு சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே சமூகம் மற்றவர்களின் முந்துகையை எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

*

பெண்களின் சர்வதேசக் கிரிக்கெற் அமைப்பு 2005இல் ஆண்களின் சர்வதேச சபையுடன் இணைந்தது. அந்த இணைவின் பலன்களில் ஒன்று 2009இன் இருபது ஓவர் உலகக் கிண்ணம். எட்டு அணிகள், இரண்டு பிரிவுகள். யூன் 11 முதல் 16 வரை பிரிவு ஆட்டங்கள் எல்லாம் சமர்செற் மாவட்டத்தின் ரோன்ரன் நகரில் ஒரே மைதானத்தில் நடந்தன. ஆண்கள் இலண்டனிலும் நொட்டிங்ஹாமிலும் பெரிய மைதானங்களில் ஆடிக்கொண்டிருக்க, பெண்கள் மேற்கே ஒரு சிறு நகரில் ஆடினார்கள். அரையிறுதிக்கு வந்த பிறகுதான் ஆண்களின் மைதானத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். அதுவும் ஆண்கள் ஆடுவதற்கு முன், அதே நாளில், அதே ரிக்கெற்றில்.

எமது தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வாடிக்கையாளர் வந்து இருந்ததும் மேசையில் பப்படமும் சட்னியும் வைப்போம். பிரதான உணவு வரும்வரை பசியைத் தாங்கவைக்கும் ஏற்பாடு அது. பப்படத்துக்கென்று எவரும் உணவகத்துக்கு வருவதில்லை. சர்வதேச சபை பெண்களின் ஆட்டத்தை வைத்த இடம் அதுதான்.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் அந்த ஆண்டு ஓவலிலும் லோர்ட்ஸிலும் ஆடியிருப்பார்களா? ஆண்களுக்காகக் கொண்டு வந்து நிறுத்திய அதே கமெராக்கள் காலையிலேயே ஓடத் தொடங்கியதால்தான் பெண்களின் ஆட்டமும் உலகத்துக்குப் போனது. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் இது முடியாது. ஒரு பகலுக்குள் இரண்டு ஆட்டங்கள் அடங்கா. குறுகிய வடிவம்தான் இடம் செய்து கொடுத்தது. அவமானமும் வாய்ப்பும் ஒரே ரிக்கெற்றில் வந்தன. எமது புகலிட வாழ்வும் பெரும்பாலும் அப்படித்தானே தொடங்கியது.

கிடைத்த இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே முக்கியம். யூன் 18இல் நொட்டிங்ஹாமில் நியூசிலாந்துத் தலைவி ஏமி வொட்கின்ஸ் ஆட்டமிழக்காமல் 89 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா 52 ஓட்டங்களால் தோற்றது. மறுநாள் தென்னிலண்டனில், ஓவல் மைதானத்தில், அவுஸ்திரேலியா 163 ஓட்டங்கள் எடுத்தது. அன்றைய பெண்கள் கிரிக்கெற்றில் அது மலை. கிளயர் ரெயிலர் 76, பெத் மோர்கன் 46. இருவரும் ஆட்டமிழக்காமல் நின்று, மூன்று பந்துகள் மீதமிருக்க இங்கிலாந்தை வெல்ல வைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் விஸ்டன் ஆண்டு மலர், தன் நீண்ட வரலாற்றில் முதன்முறையாக, ஆண்டின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களுள் ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தது. அவர் இந்தக் கிளயர் ரெயிலர்தான்.

யூன் 21 காலை, லோர்ட்ஸ். நியூசிலாந்து 85 ஓட்டங்களுக்குள் சுருண்டது. கத்தரின் பிறன்ற் நான்கு ஓவர்களில் 6 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 3 விக்கெற்றுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து 17 ஓவர்களில் 86 எடுத்து 6 விக்கெற்றுகளால் வென்றது. ரெயிலர் 39 ஓட்டங்களுடன் கடைசிவரை நின்றார். தலைவி சார்லட் எட்வேர்ட்ஸ் கிண்ணத்தை வாங்கினார். மூன்று மாதங்களுக்கு முன் சிட்னியில் ஐம்பது ஓவர் உலகக் கிண்ணத்தையும் இதே அணி வென்றிருந்தது. இவர்களில் எவரும் முழுநேரச் சம்பளத்துக்கு ஒப்பந்தமான ஆட்டக்காரிகள் அல்லர். இங்கிலாந்துப் பெண்களுக்கு அப்படி ஒப்பந்தங்கள் 2014இல்தான் வந்தன.

எமது பிள்ளை கேட்ட கேள்விக்கான பதில் இவ்வளவுதான். அன்றிரவு எங்களால் சொல்ல முடியவில்லை.

*

இந்த இரண்டு இலண்டன் மைதானங்களுடனும் எமக்கும் ஓர் உறவு உண்டு. அது விளையாடிய உறவல்ல.

1975 யூன் 11இல், ஆண்களின் முதல் உலகக் கிண்ணத்தில், ஓவலில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஆடிக்கொண்டிருந்தபோது தமிழ் இளைஞர்கள் சிலர் மைதானத்துக்குள் ஓடி இலங்கை அரசுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 1984 ஓகஸ்ற்றில் இலங்கை அணி லோர்ட்ஸில் தன் முதல் ரெஸ்ற் ஆட்டத்தை ஆடியபோது, முதல் நாளே தமிழர்கள் பதாகைகளுடன் உள்ளே ஓடினார்கள். ஆட்டம் சிறிது நேரம் தடைப்பட்டது. யூலைப் படுகொலை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் எடுத்ததைப் பதிவேடுகள் முதலில் சொல்கின்றன. ஓடியவர்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓடிய அந்த இளைஞர்களை நாம் பிழை சொல்லவில்லை. கேட்பார் இல்லாதவர்கள் கமெரா இருக்கும் இடத்துக்குத்தான் ஓடுவார்கள். எமது கேள்வி வேறு. 2009 யூனில் இலங்கை அணிக்கு எதிராக நாம் கொதித்துப் பேசினோமே, அந்த மாதம் இங்கிலாந்தில் இரண்டு இலங்கை அணிகள் இருந்தன என்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்கள் அணி ரோன்ரனில் பாக்கிஸ்தானை வென்றது. இங்கிலாந்திடமும் இந்தியாவிடமும் தோற்று வீடு திரும்பியது. அதை ஆதரிக்கவும் எமக்குத் தோன்றவில்லை, எதிர்க்கவும் தோன்றவில்லை. நாட்டுக்கு அடையாளம் பதினொரு ஆண்கள்தான் என்று சிங்களத் தேசியம் நினைத்தது. அதை எதிர்த்த நாமும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தோம். எதிரியிடம் பல விடயங்களில் முரண்பட்டோம், இதில் உடன்பட்டோம்.

அந்த ரோன்ரன் தொடரில் சர்வதேச ஆட்டத்துக்குள் காலெடுத்து வைத்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தார். பெயர் சமரி அத்தபத்து. 2017இல் பிறிஸ்ரலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தனியொருவராக நின்று ஆட்டமிழக்காமல் 178 அடித்தார். 2023இல் அவர் தலைமையில் இலங்கைப் பெண்கள் இங்கிலாந்தை இங்கிலாந்து மண்ணிலேயே இருபது ஓவர் தொடரில் வென்றார்கள். 2024இல் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தையும் எடுத்தார்கள். இதைச் சொல்வதால் நாம் எந்தக் கொடிக்கும் கீழே போய் நிற்கவில்லை. ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்வதற்கும் அதற்கு வணக்கம் செலுத்துவதற்கும் இடையில் தூரம் உண்டு. அந்தத் தூரத்தில் நின்று பார்க்க நாம் பழக வேண்டும்.

*

லோர்ட்ஸ் மைதானம் மீண்டும் ஒருமுறை எமது நாட்காட்டியில் மோதியது. 2017 யூலை 23, ஐம்பது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டம், இங்கிலாந்துப் பெண்களும் இந்தியப் பெண்களும். யூலை 23 எமக்கு எந்த நாள் என்று எழுதத் தேவையில்லை. இந்திய அணிக்குத் தலைவி தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மித்தாலி ராஜ். வெல்ல 229 ஓட்டங்கள் வேண்டும். 3 விக்கெற்றுகளுக்கு 191 என்று நின்ற இந்தியா 219இல் முடிந்தது. அன்யா ஷ்ரப்சோல் 6 விக்கெற்றுகள் எடுத்தார். வித்தியாசம் 9 ஓட்டங்கள். இந்த முறை பிற்பகலில் ஆண்களின் ஆட்டம் எதுவும் இல்லை. சனம் பெண்களைப் பார்க்கவே வந்தது, மைதானம் நிறைந்தது.

இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் அந்தப் பிரிவு அடுத்த ஆண்டு நடந்தது. 2009, 2010, 2012, 2014, 2016 என ஐந்து முறை ஆண்களின் போட்டியோடு ஒட்டியே நடந்ததை, 2018இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதன்முறையாகத் தனியாக நடத்தினார்கள். 2020 மார்ச் 8, அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் ஆடிய இறுதியாட்டத்துக்கு வந்தவர்கள் 86,174 பேர். பப்படத்துக்காகவே சனம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் சர்வதேச சபை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசுத் தொகை என்று அறிவித்தது. 2024இல் டுபாயில் கிண்ணத்தை வென்ற நியூசிலாந்துப் பெண்களுக்கு 23 இலட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க டொலர் கிடைத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதன் பொருள் அல்ல. 2023 யூனில் வெளியான ஒரு சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை, இங்கிலாந்துக் கிரிக்கெற்றில் இனவாதமும் பெண் ஒதுக்கலும் வர்க்கப் பாகுபாடும் வேரோடியிருக்கின்றன என்று சொன்னது. இங்கிலாந்துப் பெண்கள் லோர்ட்ஸில் ஒரு ரெஸ்ற் ஆட்டம்கூட ஆடியதில்லை என்பதை அது எடுத்துக்காட்டியது. அதன் பிறகே, 2026இல் அங்கு பெண்களின் முதல் ரெஸ்ற்றை நடத்தும் முடிவு வந்தது. அதே ஆண்டின் இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்குப் பன்னிரண்டு அணிகள், இறுதியாட்டம் லோர்ட்ஸில், தொடக்க ஆட்டம் எட்ஜ்பாஸ்ரனில் இங்கிலாந்துக்கும் இலங்கைக்கும் என்று 2025இல் வெளியான அட்டவணை சொன்னது.

*

இனி எமது வீட்டுக்கு வருவோம்.

பெண் கல்வியில் யாழ்ப்பாணம் பெருமை பேசக்கூடிய இடம். உடுவிலில் 1824இலேயே மிசனரிமார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். சுண்டுக்குளி மகளிர் கல்லூரிக்கு ஆண்டு 1896. மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடும் 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. அதாவது பெண்கள் பாடசாலைக்குப் போன பிறகுதான் எமது ஆண்கள் கிரிக்கெற்றைப் பெருவிழாவாக்கினார்கள். ஆனால் மட்டை பெண்களின் கைக்குப் போகவில்லை. அவர்களுக்கு வலைப்பந்து. ஒழுங்கையில் நாங்கள் ஆடும்போது பந்து வளவுக்குள் விழுந்தால் எடுத்து எறிபவள் தங்கச்சி. சில தங்கச்சிமார் நேராக விக்கெற்றுக்கே எறிவார்கள். அந்தக் கையில் ஒரு பந்துவீச்சு இருக்கிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. தமிழ்நாட்டில் அப்படி யோசித்த வீடுகள் இருந்தபடியால்தான் சென்னையின் திருஷ் காமினி 2013இல் உலகக் கிண்ணத்தில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனார்.

இலண்டனுக்கு நாம் கொண்டு வந்ததும் அதே ஒழுங்கைதான். கோடை வந்தால் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மைதானம் எடுத்துப் போட்டி வைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு விளையாட்டு விழாவுக்கு நாங்கள் சாப்பாட்டுக் கடை போட்டோம். ரோல்ஸ், கொத்து, ஆட்டிறைச்சிக் கறி. எங்களோடு வேலை செய்பவரின் மகள், பன்னிரண்டு வயது, தன் பகுதியின் பெண்கள் கழகத்தில் பந்து வீசுகிறவள், தனது மட்டைப் பையோடு வந்திருந்தாள். ஒரு அணிக்கு ஆள் குறைந்தது. தான் வரலாமா என்று கேட்டாள். "பிள்ளை, இது பெரிய ஆக்களின்ரை மச். அங்காலை சங்கீதக் கதிரை நடக்குது, போங்கோ" என்றார் பொறுப்பாளர். ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த நாங்களும் சிரித்தோம். தகப்பனும் சிரித்தார். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய் இருந்தாள். குறைந்த ஆளுக்குப் பதிலாக, முழங்கால் நோவென்று ஒதுங்கியிருந்த ஒரு அண்ணையை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

அன்று சிரித்ததை நாங்கள் இங்கே எழுதி வைக்கிறோம். பவிலியனுக்குள் பெண்களை விடாத கழகத்தைப் பற்றி மேலே எழுதியதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு பின்னிணைப்பு.

அவள் விளையாட்டை விடவில்லை. பெரியவளானால் எந்த நாட்டுக்கு ஆடுவாய் என்று கிச்சினில் கேட்டார்கள். "இங்கிலாந்துக்கு" என்றாள். அதற்கும் ஒரு சண்டை வந்தது. எம்மை இந்த நிலைக்கு ஆளாக்கிவிட்டுப் போன வெள்ளைக்காரனுக்கா என்று ஒருவர். வங்காளப் பெற்றோருக்குப் பிறந்த இசா குஹா 2002இலேயே இங்கிலாந்துக்கு ஆடவில்லையா என்று இன்னொருவர். இதற்கு எம்மிடம் முடிந்த பதில் இல்லை. ஆனால் எந்தக் கொடி என்று நாம் தீர்த்து முடிக்கும்வரை ஒரு பிள்ளை மட்டையைக் கீழே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்ற நியாயம் எங்கும் இல்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அவளுடைய கழகத்தின் ஆட்டங்கள் ஞாயிறு காலையில் நடக்கும். சனிக்கிழமை இரவுதான் எமது தொழிலில் பாரமான இரவு. அடுப்பைக் கழுவி, கடை பூட்டி, இரவுப் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போக இரண்டு மணியாகும். தகப்பன் ஞாயிறு எழும்பும்போது ஆட்டம் முடிந்திருக்கும். பின்னேரம் வேலைக்கு வந்த பிறகு, எத்தனை விக்கெற் என்று மகளுக்குத் தொலைபேசியில் கேட்பார். 2009இல் நாங்கள் நின்ற அதே இடம்.

இப்போது சனி இரவுகளில் அவரை 11 மணிக்கு அனுப்பிவிடுகிறோம். தந்தூரி அடுப்பை மற்றவர்கள் மாறி மாறிப் பார்க்கிறோம். முதலாளிக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு அவர் எடுத்து அனுப்பிய படத்தில் பனிப்புல்லும், நாலைந்து பெற்றோரும், தூரத்தில் பந்து வீச ஓடிவரும் ஓர் உருவமும் தெரிந்தன. முகம் தெளிவில்லை. இரண்டு விக்கெற் என்று கீழே எழுதியிருந்தார்.